குடிக்காதீர்கள் என்று எழுதினேன்

அபார்ட்மெண்ட் சங்கத்துச் செயலாளர் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. பொதுக்குழுவுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன். அதற்குள் என்னைத் தேர்ந்தெடுத்துக் கைதட்டியும் முடித்திருந்தார்கள். "நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே சார்" என்று காரணம் சொன்னார்கள். ரிட்டயர் ஆனவனுக்குச் சொந்த வேலையே இருக்காது என்று எவன் சொல்லி வைத்தானோ தெரியவில்லை.

எங்கள் கட்டடம் இந்தத் தெலுங்கு ஊரில், மௌலா அலி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். ஐந்து மாடி, நாற்பது வீடு. பாதி வீடுகளில் என்னைப் போல மத்திய அரசு நிறுவனங்களில் உழைத்து, பி.எஃப். பணத்தில் வாங்கியவர்கள் இருக்கிறோம். மீதிப் பாதி வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்கி வாடகைக்கு விட்டவை. சங்கத் தலைவரும் தமிழர்தான், கும்பகோணத்துக்காரர். ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வேலூர்ப் பக்கம். முப்பது வருடம் பட்டறையில் மெஷினோடு கத்திக் கத்திப் பேசியே தொண்டை போனவன். அவர் வாயைத் திறந்தால் கோப்பு வரும். நான் வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று என் மனைவி சொல்வாள்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினான். "சார், சம்ப்பு நீள்ளு வாசன வஸ்துன்னாயி" என்றான். சம்ப்பு என்பது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதில் நாற்றம் வருகிறதாம்.

கீழே போய்ப் பார்த்தேன். தெருவில் சாக்கடை மூடி வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி, எங்கள் சுற்றுச்சுவரின் அடியில் புகுந்து, சம்ப்பு மூடிவரை வந்து நின்ற தடம் தெரிந்தது. மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. தண்ணீர் லாரிக்காரன் இரண்டு மாதத்துக்கு முன்னால் உடைத்தது. மாற்ற வேண்டும் என்று நானும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் மேல் படலம். மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"மேல ஏத்திட்டியா?" என்று கேட்டேன்.

ஏற்றிவிட்டான். ஐந்து மணிக்கே மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டியை நிரப்பிவிட்டான். அங்கிருந்து நாற்பது வீட்டுக் குழாய்க்கும் போயாகிவிட்டது.

தலைவருக்குப் போன் செய்தேன்.

"எவ்வளவு கலந்திருக்கும்?" என்றார்.

"லிட்டர் கணக்கா எப்படி சார் சொல்றது? நாறுது."

"மழைத் தண்ணி வாசனையாக்கூட இருக்கலாமோன்னோ?"

"நீங்களே கீழ வந்து மோந்து பாருங்க சார்."

வரவில்லை. "ஒரு டிராஃப்ட் போட்டு அனுப்புங்கோ. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

எங்கள் ஆட்களின் வியாதியே இதுதான். பொழுது விடிந்தது என்று சொல்வதற்குக்கூட ஒருவர் டிராஃப்ட் எழுத வேண்டும், இன்னொருவர் திருத்த வேண்டும், மூன்றாமவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் இருந்தபோது பழகியது, ஓய்வு பெற்ற பிறகும் உடம்பை விட்டுப் போகவில்லை. சரி, எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டே வரி. சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

நாற்பது நிமிடம் கழித்து அது பதினோரு வரியாகத் திரும்பி வந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: அன்பார்ந்த உறுப்பினர்களே, வணக்கம். அண்மையில் பெய்த கனமழையைத் தொடர்ந்து நமது வளாகத்தின் நீர்ச் சேமிப்பு அமைப்பில் வெளிப்புறக் கசிவு ஏற்பட்டிருப்பதற்கான சாத்தியக்கூறு செயற்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன. இதன் பிறகு செயற்குழு எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதற்கு நாலு வரி. எட்டாவது வரியில்தான் வருகிறது, முன்னெச்சரிக்கையாக உறுப்பினர்கள் குழாய் நீரை அருந்துவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று. மறுபடியும் போன் செய்தேன்.

"சாக்கடைங்கற வார்த்தை எங்க சார் போச்சு?"

"அது வேண்டாம். மூணாவது மாடில ஒருத்தர் வீட்டை விக்கப் பார்த்துண்டிருக்கார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிடுவா."

"அப்ப மேல் டேங்க் வால்வையாவது மூடிடட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை. எல்லாரும் ஆத்துல இருப்பா. குளிக்கணும், துவைக்கணும். குடிக்கத்தான் இதை யாரும் குடிக்கறதில்லையே. டேங்க் கழுவறவா நாளைக்கு வந்துடப்போறா."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. அதை மறைக்க மாட்டேன். வால்வைத் திறந்தபடி விட்டேன். ஒன்பது நாற்பதுக்கு அந்தப் பதினோரு வரியை வாட்ஸப் குழுவில் போட்டேன்.

பதில்கள் வந்தன. கூப்பிய கைகள், கட்டைவிரல்கள், "தகவலுக்கு நன்றி" ஐந்தாறு. அமெரிக்காவிலிருந்து ஒருவர் "அருமையான பணி, டீம்" என்று எழுதினார். ஒரு தெலுங்குக்காரர் தன் குளியலறைச் சுவர்க் கசிவையும் இதோடு சேர்த்துச் சரி செய்வார்களா என்று கேட்டார். அவர் ஒருவராவது பாதி படித்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு யாரோ ரோஜாப்பூப் படத்தோடு ஞாயிறு வாழ்த்துப் போட, அதன் கீழே இன்னொரு பூ, இன்னொரு சாமி. கால் மணியில் என் செய்தி கண்ணுக்கே தெரியாத உயரத்துக்குப் போய்விட்டது. நானோ கூப்பிய கைகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லியாச்சு என்று காப்பி குடிக்கப் போனேன்.

பதினோரு மணிக்குக் கேட்டருகே நாலாவது மாடி இளைஞரைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. ஐ.டி. வேலை. மனைவியும் ஆறு மாதப் பெண் குழந்தையும் உண்டு. ஸ்கூட்டரில் டயப்பர் மூட்டையோடு வந்து இறங்கினார்.

"குரூப்ல போட்டதப் பாத்தீங்களா தம்பி?"

"எந்தக் குரூப் சார்?"

"நம்ம அபார்ட்மெண்ட் குரூப்."

"அதுல எங்களச் சேக்கல சார். ஓனர்ஸ் மட்டுந்தான்னு சொல்லிட்டாவ. எங்க ஓனர் டல்லாஸ்ல இருக்காரு."

அருமையான பணி என்று எழுதினாரே, அவர்தான் இவருடைய ஓனர். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் படாதவருக்கு டல்லாஸ் வரை போய்ச் சேர்ந்த செய்தி, குழாயைத் திறந்தால் அதே தண்ணீர் வருகிற நாலாவது மாடிக்குப் போகவில்லை. குழுவில் குடித்தனக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். நானே கையைத் தூக்கி ஓட்டுப் போட்ட விதி அது. அன்றைக்கு அது உறைக்கவில்லை. நல்லவேளை, ஆளை நேரில் பிடித்தோமே என்று சந்தோஷம்தான்.

"சம்ப்புத் தண்ணி சரியில்ல. குடிக்காதீங்க" என்றேன்.

"நாங்க கேன் தண்ணிதான் குடிக்கோம் சார். பாப்பாவுக்கும் அதக் கொதிக்க வச்சுத்தான் பால் கலக்குதோம்."

"அப்ப சரி."

"சரி சார். தேங்க்ஸ் சார்."

நான் சொன்னேன், அவர் கேட்டார், இருவருக்கும் திருப்தி. மற்ற வாடகைக்காரர்களிடம் சொல்லிவிடு என்று வாட்ச்மேனை அனுப்பினேன். அவனும் ஒவ்வொரு கதவாகத் தட்டித் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: எங்களிடம் ஃபில்டர் இருக்கிறது, நாங்கள் குழாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வீட்டிலும் இது தனக்கில்லை என்று நினைக்கிற ஒரு செய்தியை நாற்பது வீட்டுக்கும் சொல்லியிருக்கிறேன் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

திங்கட்கிழமை தொட்டி கழுவுகிறவர்கள் வரவில்லை. மல்லாபூரில் ஒரு ஃபேக்டரித் தொட்டியில் மாட்டிக்கொண்டோம், நாளைக்கு வருகிறோம் என்றார்கள். போனில் கத்தினேன். கத்தினால் தொட்டி சுத்தமாகிவிடுமா?

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சமையலறைக்குப் போனேன். மனைவி குழாயைத் திறந்துவிட்டுக் கொத்தமல்லிக் கட்டை அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"பாத்தா தெரியலயா? சட்னிக்கு."

"அந்தத் தண்ணிலயா? நேத்துதான குரூப்ல போட்டேன்?"

"குடிக்காதன்னு போட்டீங்க. நான் குடிக்கலயே. கழுவறேன்."

"சாக்கடைத் தண்ணி அது."

குழாயை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சாக்கடைன்னு எங்க போட்டீங்க? ஏதோ கசிவு, முன்னெச்சரிக்கைன்னு போட்டிருந்துச்சு. ரெண்டு நாளா இதுலதான் பல்லு விளக்கறேன். உங்க பிரஷ் மட்டும் இன்னா, மினரல் வாட்டர்லயா நனைஞ்சுது?"

எழுதினவனே நான்தான். நானும் இரண்டு நாளாக அந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். குடித்தால்தான் குடிப்பது என்று நினைக்கிற புத்தி எனக்கே இருக்கும்போது மற்றவனைச் சொல்லி என்ன?

அப்போதுதான் பால் புட்டி ஞாபகம் வந்தது. குழந்தைக்குக் கொதிக்க வைத்த கேன் தண்ணீர், சரி. புட்டியை எதில் கழுவுகிறார்கள்? நேற்று கேட்டிருந்தால் ஒரே ஒரு கேள்வி. கேட்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன்.

கதவு திறந்தே இருந்தது. அந்த இளைஞரின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையாய் நடந்துகொண்டிருந்தாள். குழந்தை அழுகிறது, ஆனால் சத்தமே இல்லை.

"பாப்பாவுக்கு என்னம்மா?"

"மத்தியானத்துலேர்ந்து ஆறு தடவ வயித்தால போயிட்டு அங்கிள். பால் குடுத்தா அப்படியே கக்குதா. அவ அப்பாக்குப் போன் பண்ணிட்டேன், கிளம்பி வாறாவ."

"புட்டிய எதுலம்மா கழுவுறீங்க?"

"சோப்பு போட்டுக் கழுவிட்டு, பத்து நிமிஷம் கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துருவேன் அங்கிள்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். "அப்பவும் சோப்பு வாசன போன மாதிரி இருக்காது. அதான் கடைசில ஒருக்க குழாயில அலசிருவேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். "அங்கிள், தண்ணில என்ன?"

"சாக்கடை கலந்திருக்கும்மா."

இரண்டு நாளில் அந்த வார்த்தையை இந்த வீட்டில் சொல்வது அதுதான் முதல் தடவை. அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு உடனே எழுந்து பையைத் தேடினாள்.

கணவர் ஹைடெக் சிட்டியிலிருந்து அந்த நேரத்து நெரிசலில் வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஆட்டோ பிடித்து மாரெட்பள்ளியில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன். வழியில் வாட்ச்மேனுக்குப் போன் செய்து வால்வை மூடச் சொன்னேன். "பிரசிடெண்ட் காரு..." என்று இழுத்தான். "மூசெய்யி" என்று கத்தினேன். ஆட்டோக்காரரே வண்டியை மெதுவாக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மூடினான்.

டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தால், "வெளிப்புறக் கசிவு" என்று வருகிறது. சத்தியமாக. தலைவருடைய வார்த்தை என் வாயிலிருந்து. அந்தப் பெண் குறுக்கே புகுந்து, "சூவேஜ், டாக்டர்" என்றாள். அதற்குப் பிறகு டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சின்னக் கையில் ஊசி ஏற்ற மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. நான் வெளியே வந்து நின்றேன்.

வெளியே வந்தால் போன் அடிக்கிறது. ஓயாமல் அடிக்கிறது. இரண்டு நாளாகப் பதினோரு வரியைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு, குழாயில் காற்று வந்த பத்தாவது நிமிடம் என்னிடம் பேச நேரம் கிடைத்துவிட்டது. "தலையில ஷாம்பு இருக்கு சார்" என்றார் ஒருவர். "இருக்கட்டும்" என்று வைத்தேன்.

கணவர் வந்ததும் அவர்களை விட்டுவிட்டு ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். எந்தப் பொதுக்குழுவுக்கும் இவ்வளவு பேர் வந்ததில்லை.

"கைக்கு பந்த் கரே ஸாப்?" என்று, ஏன் மூடினீர்கள் என்று கேட்டு, இரண்டாவது மாடிக்காரர் ஆரம்பித்தார். தலைவர் கும்பலின் முன்னால் நின்றுகொண்டு, "முன்கூட்டி ஒரு சர்க்குலர் போட்டுட்டு மூடியிருக்கலாம்" என்றார்.

நான் தெலுங்கு, ஹிந்தி, தமிழ் மூன்றையும் உடைத்துப் போட்டுச் சொன்னேன். மேல் டேங்க்கில் இருப்பது கக்கூஸ் தண்ணீர். நாலாவது மாடிக் குழந்தை டிரிப்ஸில் இருக்கிறது, பால் புட்டியை இதில் அலசியதால். பல் விளக்காதீர்கள். அரிசி கழுவாதீர்கள். வாய்க்குப் போகிற எதிலும் இது படக் கூடாது.

ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

"இட்லிக்கு ஊற வச்சிருக்கேன்."

"கொட்டுங்க."

"ஃப்ரிட்ஜ்ல ஐஸ் கட்டி?"

ஐஸ் கட்டியை நான் யோசிக்கவே இல்லை. "கொட்டுங்க" என்றேன். ஒரு கிழவரின் பல்செட் இரண்டு நாளாக அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் இரவெல்லாம் ஊறியிருக்கிறது. ஒரு ஒடியாக்காரப் பெண் பழைய சாதத்தில் இதை ஊற்றி வைத்திருந்தாளாம். நான் ஒரு வார்த்தை எழுதி நாற்பது வீட்டையும் அடக்கிவிட்டதாக நினைத்தேன். அங்கே நாற்பது விதமாகத் தண்ணீர் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து தலைவரின் மனைவி மெதுவாகக் கேட்டார். "பெருமாளுக்கு வைக்கற தீர்த்தம்?"

"அது எந்தத் தண்ணி மாமி?"

"குழாய்த் தண்ணிதான். கேன் தண்ணி மடியில்லைன்னு இவர் ஒத்துக்க மாட்டார். கார்த்தால முதல்ல இவர்தான் சாப்பிடுவார்."

யாரும் சிரிக்கவில்லை. குடிக்கத்தான் இதை யாரும் குடிக்கறதில்லையே என்று சொன்னவர் சட்டைப்பையில் எதையோ தேடுவது போலத் தேடிவிட்டு லிஃப்டுக்குப் போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாக இருந்தார். வயிறு என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஆறு மாத வயிறு வேறு.

குழந்தை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. இளைத்திருந்தது, ஆனால் வந்துவிட்டது. தொட்டியைக் கழுவி, மூடியை மாற்றினோம். அந்த மூடிக்கு மட்டும் யாரும் டிராஃப்ட் கேட்கவில்லை.

அடுத்த வாரம் செயற்குழு கூடியது. தீர்மானப் புத்தகத்தில் தலைவர் எழுதி வைத்திருந்தார்: நீர் மாசு குறித்து அனைத்துக் குடியிருப்போருக்கும் உரிய நேரத்தில் தெரிவிக்கப்பட்டது. கீழே செயலாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"இது பொய் சார்" என்றேன்.

"எப்படிப் பொய்? ஒன்பது நாற்பதுக்குப் போட்டிருக்கோம். மெசேஜ்லயே நேரம் இருக்கு. வாட்ச்மேன் வீடு வீடாப் போயிருக்கான். நீங்க அந்தப் பையன்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கேள். இதுக்கு மேல என்ன தெரிவிக்கறது?"

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எரிச்சல். குடிக்காதீர்கள் என்ற வார்த்தையை முதலில் எழுதியவன் நான். அவர் அதற்குச் சட்டை போட்டுவிட்டார், அவ்வளவுதான். கொஞ்ச நாள் எல்லாப் பழியையும் அந்தப் பதினோரு வரியின் மேல் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டருகே நின்று பேசியபோது பதினோரு வரி ஏது? நானும் அவரும்தானே நின்றோம்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனேன். அந்த இளைஞர் குழந்தையை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். எழுதியிருந்ததைக் காட்டினேன். படித்தார்.

"நான் என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம். உங்களுக்கு நான் என்ன சொன்னேன்னு மட்டும் சொல்லுங்க. அதை எழுதிடறேன்."

யோசித்தார். மரியாதைக்காரப் பிள்ளை, என்னைக் குறை சொல்ல வாய் வரவில்லை. "குடிக்காதீங்கன்னு சொன்னீங்க சார்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏன்னு சொல்லல. அத எழுதச் சொல்லுங்க."

"நீ சும்மா இரி" என்றார் இவர்.

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? சாக்கடைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் குழாயத் தொட்டிருப்பனா?"

அவர்கள் வீட்டுக் காலணி ஸ்டாண்டின் மேலேயே புத்தகத்தை வைத்து எழுதினேன். தலைவரின் வரியை அடித்துவிட்டு, அதன் கீழே, குடிக்காதீர்கள் என்று சொன்னோம், சாக்கடை என்று சொல்லவில்லை, ஒரு குழந்தை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் வெளியே வந்து அதை இரண்டு தடவை படித்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புத்தகத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். அடித்தல் திருத்தலோடு இருக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது முறையில்லை, புதிய பக்கத்தில் திருத்தி எழுதித் தருகிறேன் என்றார். இதுவரை தரவில்லை. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது.